கையில் எழுதிய கணக்கு மனதில் நிற்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றியது நிற்பதில்லை. ஏனுங்க?

மண்டிக் கணக்கர், ஈரோடு:

வணக்கமுங்க. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். முடித்த கையோடு உட்கார்ந்த நாற்காலி, இன்றைக்கும் அதே நாற்காலிதான். வயது 54.

2017ல் ஜிஎஸ்டி வந்தபோது முதலாளியின் மகன் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். அதுவரை நாள்வழி (அன்றன்றைக்கு நடந்ததை எழுதும் நோட்டு), பேரேடு (ஆளுக்கு ஒரு பக்கமாகக் கணக்கு ஏற்றும் நோட்டு), மூட்டைக் கணக்கு எல்லாம் கையால்தான். சிவகிரிக்காரர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய பாக்கி எனக்குத் தெரிந்துவிடும். தொகை மட்டும் இல்லை. பேரேட்டில் அது வலது பக்கமா இடது பக்கமா, மேலேயா கீழேயா, முன்பணம் கொடுத்த அன்றைக்கு மை தீர்ந்து பாதியில் பேனா மாற்றினேனா என்பது வரை கண்ணில் வரும். விரலி மஞ்சள் எத்தனை மூட்டை, கிழங்கு மஞ்சள் எத்தனை, போன மாசியில் என்ன விலைக்குப் போனது, எதற்கும் நோட்டைத் திறக்க வேண்டியதில்லை.

இப்போது அதே ஆள் வந்து "நம்ம கணக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டால், "இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பெயரைத் தட்டிப் பார்க்கிறேன். முந்தின நாள் நானே ஏற்றிய கணக்குதான். என் விரல்தான் தட்டியது. ஆனால் மனதில் ஒன்றும் ஒட்டவில்லை.

வயசு என்று வீட்டில் சொல்கிறார்கள். வயசு என்றால் எல்லாம்தானே மறக்க வேண்டும்? 2010ல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதே, அந்த வருடம் யார் உடனே விற்றார்கள், யார் இன்னும் ஏறும் என்று குடோனில் வைத்துக் காத்திருந்து இரண்டு வருடம் கழித்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். போன மாதக் கணக்குதான் வராது.

மகள் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாள். கையால் எழுதினால் மூளை இளமையாகுமாம், அல்சைமர் அண்டாதாம். அதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. ஆனால் எழுதும்போது மூளையில் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சும்மா "பழசுதான் நல்லது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது எங்கள் மண்டியிலேயே நிறையக் கிடைக்கிறது.

திருப்பூர் மென்பொருள்காரன்:

அண்ணா, பனியன் கம்பெனிகளுக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் சாய்வேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கைக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்து வீசுவது 2014ல் வந்த முல்லர், ஓப்பன்ஹைமர் ஆய்வு. மாணவர்களுக்கு உரை ஒன்றைக் காட்டினார்கள். பாதிப் பேர் லேப்டாப்பில் குறிப்பு எடுத்தார்கள், பாதிப் பேர் கையால். தகவல் கேள்விகளில் வித்தியாசம் இல்லை. யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். தட்டச்சு செய்தவர்கள் காதில் விழுந்ததை அப்படியே இறக்கிவிட்டார்கள், கையால் எழுதியவர்களுக்கு வேகம் போதாததால் சுருக்கி எழுத வேண்டியிருந்தது, அதுதான் காரணம் என்றார்கள். இந்தச் செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. 2021ல் வேறொரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்தது. லேப்டாப்காரர்கள் நிறைய, வார்த்தை மாறாமல் எழுதியது உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணில் வித்தியாசம் வரவில்லை. இந்த இரண்டாவது செய்தியை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை, கவனியுங்கள்.

உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்தில் வருவது 2011ல் பெட்ஸி ஸ்பாரோ குழு செய்தது. ஆட்களைச் சின்னச் சின்னத் தகவல்களைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் "இது கம்ப்யூட்டரில் சேமிக்கப்படும்" என்றார்கள், இன்னொரு குழுவிடம் "அழிந்துவிடும்" என்றார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. தட்டியது ரெண்டு பேருமேதான்.

ஒரு கேள்வி. நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு யார் ஏற்றினார்கள், எப்போது? பாக்கியைக் கூட்டிக் கழித்துப் போட்டது யார்?

பேச்சுப் பயிற்சியாளர், கோவை:

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சும் எழுத்தும் திரும்பப் பழக்குவது என் வேலை. மூளைக்குள் என்ன நடக்கிறது என்கிற பக்கத்தை நான் சொல்கிறேன்.

பேச்சுக்கு மூளை பிறவியிலேயே தயாராக வருகிறது, எழுத்துக்கு அப்படி இல்லை. மனிதன் எழுத ஆரம்பித்து ஏறக்குறைய 5,000 வருடம்தான் ஆகிறது, அதற்கென்று தனி இடம் உருவாக அது போதாது. அதனால் முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில், இடது பக்கம் பின்னால் அடிப்புறத்தில், ஒரு துண்டை எழுத்து குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். ஆச்சரியம் என்னவென்றால், தமிழ் படிப்பவரோ சீனம் படிப்பவரோ, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடம்.

எழுதும் கைக்கு வேறு ஒரு இடம், இடது நெற்றிப் பகுதியில். 1881ல் சிக்மண்ட் எக்ஸ்னர் ஊகித்தார், இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். படிப்பதும் எழுதுவதும் தனித்தனி என்பதற்கு டெஜெரின் என்ற மருத்துவரின் நோயாளி சாட்சி. 1887ல் பாரிஸில் ஒருவருக்குத் திடீரென்று எழுத்துக்கள் புரியாமல் போய்விட்டன. கண் நன்றாகத் தெரிகிறது, சரளமாக எழுதுகிறார், ஆனால் தான் எழுதியதையே படிக்க முடியவில்லை. அந்த எழுத்தின் மேல் கையை ஓட்டிப் பார்த்தால் மட்டும் இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வருபவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. காற்றில் விரலால் எழுதிப் பார்த்துவிட்டு "ஆங், 'மா'ங்க" என்பார்கள். உறவினர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும்.

ஆக எழுத்து என்பது கண் பார்த்த உருவம் மட்டும் இல்லை, கை போன வழியும்தான். 'ழ' எழுத விரல் சுழிக்கும் வழி வேறு, 'ற' எழுதும் வழி வேறு. விசைப்பலகையில் எந்த எழுத்தானாலும் ஒரே அழுத்தல். 2012ல் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எழுத்துக்களைப் பழக்கினார்கள். சிலதைத் தானாக எழுத வைத்து, சிலதைப் புள்ளி மேல் இழுக்க வைத்து, சிலதைத் தட்ட வைத்து. அப்புறம் ஸ்கேனில் எழுத்தைக் காட்டினால், தானாக எழுதிப் பழகியவற்றுக்குத்தான் படிப்புக்கான பகுதிகள் விழித்தன. எழுதும்போது கோணல்மாணலாக வருமே, அதுவும் உதவுகிறது என்பது அவர்கள் கருத்து. ஒரே எழுத்தின் நூறு வடிவத்தைக் குழந்தை தானே உண்டாக்கிப் பார்க்கிறது.

உங்கள் மகள் அனுப்பிய செய்தி 2024 ஜனவரியில் நார்வேயின் டிரோண்ட்ஹைமில் இருந்து வந்த ஆய்விலிருந்து கிளம்பியிருக்கலாம். 36 மாணவர்கள், தலையில் 256 மின்முனைகள். கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு மிக விரிவாக இருந்தது, தட்டும்போது அப்படி இல்லை. உண்மைதான். ஆனால் தட்டியவர்களை ஒற்றை விரலால் தட்டச் சொல்லியிருந்தார்கள். அப்புறம், யாருக்கு எவ்வளவு ஞாபகம் இருந்தது என்று அதில் சோதிக்கவே இல்லை. இதிலிருந்து அல்சைமருக்குத் தாவியது வாட்ஸ்அப்பின் திறமை.

பக்கத்தில் இடம் ஞாபகம் வருகிறது என்றீர்களே, அதுவும் பழைய விஷயம்தான். படித்த தகவல் பக்கத்தில் எங்கே இருந்தது என்பதை யாரும் சொல்லாமலேயே ஆட்கள் நினைவு வைக்கிறார்கள் என்று 1971லேயே ராத்காஃப் காட்டினார். திரையில் எல்லாக் கணக்கும் ஒரே கட்டத்தில் வந்து போகிறது. சிவகிரிக்கும் அந்தியூருக்கும் அங்கே தனி இடம் இல்லை.

மண்டிக் கணக்கர், ஈரோடு:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. தம்பி கேட்டதற்குப் பதில்: எல்லாம் நான்தான். பகலில் ஏலம், எடை, சாக்கு, கூலி என்று வந்தது வந்தபடி நாள்வழியில். சாயங்காலம் கூட்டம் போனதும் டீ குடித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவேன். பற்று, வரவு, அப்புறம் பாக்கி. பாக்கி மனக்கணக்குதான். கால்குலேட்டர் இருந்தது, முதலாளியின் அப்பா அதைத் தொட்டால் முறைப்பார். மாதக் கடைசியில் எல்லாப் பாக்கியையும் எடுத்து ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். இப்போது பகலில் ஒரு தடவை தட்டுவதோடு சரி, மற்றதெல்லாம் அதுவே செய்துகொள்கிறது.

திருப்பூர் மென்பொருள்காரன்:

அண்ணா, விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஒரே தொகையைப் பகலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மாதக் கடைசியில் ஒரு தடவை எழுதியிருக்கிறீர்கள். இடைவெளி விட்டுத் திரும்பத் தொடுவது எவ்வளவு உதவும் என்று எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னை வைத்தே சோதித்து எழுதினார். அதைவிடப் பெரியது அந்த மனக்கணக்கு. பார்த்து எழுதியதைவிடத் தானே யோசித்து உண்டாக்கியது அதிகம் நிற்கும் என்று 1978ல் ஸ்லாமெக்கா, கிராஃப் காட்டினார்கள். பாக்கியை நீங்கள் காப்பி அடிக்கவில்லை, உண்டாக்கினீர்கள். என் மாதிரி ஆட்கள் எழுதுகிற மென்பொருளின் பெருமையே, உங்களை எதையும் உண்டாக்க விடாமல் செய்வதுதான். தப்பு குறையும், நேரம் மிச்சம். அதற்குக் கொடுக்கும் விலை இது.

பேனாவால் எழுதி, பாக்கியை இயந்திரம் போட்டிருந்தால் பாதி மறந்திருப்பீர்கள் என்பது என் கணிப்பு. கோவை மேடம் ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர், கோவை:

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். கையின் பங்கைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், அவ்வளவுதான்.

கணக்கருக்கு: பழைய பேரேட்டையும் இப்போதைய கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனால் நரம்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும், பார்க்கின்சனில் அப்படி வரும். வழி மறப்பது, தெரிந்தவர் பெயர் மறப்பது இருந்தாலும் காட்டுங்கள். தைராய்டும் வைட்டமின் பி12ம் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் மறக்கிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர், காங்கேயம்:

நீங்கள் எல்லோரும் எழுதத் தெரிந்தவர்கள் எதில் எழுதுவது என்று பேசுகிறீர்கள். நான் தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி வகுப்பு எடுத்தவள். களையெடுத்துவிட்டு வரும் பெண்கள், முப்பது நாற்பது வயது. பென்சிலைக் களைக்கொத்து பிடிப்பதுபோல் பிடித்து அழுத்தி முனையை முறித்துவிடுவார்கள். அவரவர் பெயர் எழுத வரும் வரை வேறு எதிலும் மனசு போகாது. பால் சொசைட்டியில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அந்த வயதில் மூளை மாறுமா என்று அப்போது எங்களுக்கே சந்தேகம். மாறும் என்று லக்னோ பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருக்கிறார்கள். எழுத்தறியாத பெரியவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆறு மாதம் இந்தி எழுதப் படிக்கப் பழகினார்கள். முன்னும் பின்னும் ஸ்கேன். 2017ல் வந்த முடிவில், மேற்பரப்பில் மட்டும் இல்லாமல் மூளையின் ஆழத்தில், தலாமஸ், மூளைத்தண்டு வரைக்கும் மாற்றம் தெரிந்தது.

போர்ச்சுகலில் நடந்தது ஒன்றைப் படித்தபோது எங்கள் ஊர் நினைவுதான். அங்கேயும் மூத்த பெண்ணை வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொண்டு சின்னவளைப் பள்ளிக்கு அனுப்புவார்களாம். 1998ல் காஸ்ட்ரோ கால்டாஸ் குழு அப்படிப்பட்ட பெண்களைச் சோதித்தது. அர்த்தமுள்ள வார்த்தையைத் திரும்பச் சொல்வதில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அர்த்தமில்லாத வார்த்தையைச் சொல்லச் சொன்னால் எழுத்தறியாதவர்கள் தடுமாறினார்கள். எழுத்து பழகியவர்கள் காதால் கேட்பதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். என் வகுப்பிலும் ஊசிமருந்துப் பெயரை முதலில் வாய்க்கு வந்தபடி சொன்னவர்கள், எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு பிரித்துச் சொன்னார்கள்.

அதற்காக எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாபகம் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) கைநாட்டுதான். மொய் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லும். வீட்டில் மொய் நோட்டு இருந்தது, அதில் சந்தேகம் வந்தால் அம்மிச்சியைத்தான் கேட்போம்.

மண்டிக் கணக்கர், ஈரோடு:

டீச்சரம்மா, மொய் விஷயத்தில் எங்கள் ஆத்தாவும் அப்படித்தான்.

எழுத்து சிறுக்கவில்லைங்க, பார்த்துவிட்டேன். பி12 பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி மகனிடம் பேசினேன். பழையபடி பேரேடு போட்டால் இரட்டை வேலை, சம்பளம் கூட்ட முடியாது என்று சிரித்தார். பெரிய பாக்கிக்காரர்களுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு சிட்டையில் நானே மனக்கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் திரையில் சரிபார்க்கிறேன் என்றேன். அதற்குச் சரி என்றுவிட்டார். கூடவே, நோட்டு எதற்கு, பேனாவால் எழுதுகிற டேப்லெட் ஒன்று இருக்கிறது, அதில் எழுதுங்கள் என்கிறார். அது ஆகுமா?

பேச்சுப் பயிற்சியாளர், கோவை:

ஆகும். நார்வே மாணவர்கள் எழுதியதே தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால்தான், கை போகும் வழி அதே வழி. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, பக்கத்தை நகர்த்தாமல் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கியைத் தானாகக் கூட்டும் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.