ஆழ்கடல் தரையை வரைய ஆர்ஓவி சரியான கருவிதானா?

சோனார்_பித்தன்:
4000 மீட்டரில் கிடக்கும் வெந்நீர் ஊற்றுப் பகுதியை வரைய ஆர்ஓவியை, அதாவது கப்பலோடு கேபிளால் கட்டி ஓட்டும் ஆளில்லா வண்டியை, இறக்குவது கப்பல் நேரத்துக்குப் பிடித்த கேடு. கப்பலடி மல்டிபீம் (பல ஒலிக்கற்றைகளால் ஆழம் அளக்கும் சோனார்) போதாதுதான்; 1 டிகிரி கற்றை அந்த ஆழத்தில் 70 மீட்டர் விரிந்துவிடும், ஊற்றின் மேல் கனிமம் படிந்து எழும் புகைபோக்கி ஒன்றுகூடத் தெரியாது. அதற்குத்தான் கேபிள் இல்லாமல் தானே ஓடும் ஏயூவி இருக்கிறதே! மணிக்கு 3 கடல் மைல் ஓடும். ஆர்ஓவி அரை மைலில் ஊர்கிறது, கேபிள் இழுவை அதற்கு மேல் விடாது. 120 மீட்டர் இடைவெளியில் கோடு ஓட்டினால் 1 சதுர கிலோமீட்டருக்கே 9 மணி நேரம் தாண்டும்.

ஆழ்வலவன்:
சமதளத்துக்குக் கணக்கு சரி. செங்குத்துச் சுவருக்கு? மேலிருந்து பார்க்கும் சோனாருக்குத் துருத்திய பாறையின் அடிப்பக்கம் தெரியவே தெரியாது. ஆர்ஓவியில் மல்டிபீமை முன்னோக்கித் திருப்பி மாட்டிச் சுவரோடு ஏறி இறங்கலாம். அட்லாண்டிக்கின் விட்டர்ட் கடற்பள்ளத்தாக்கில் பிரிட்டனின் ஐசிஸ் ஆர்ஓவி அப்படித்தான் பவளச் சுவரை வரைந்தது.

சோனார்_பித்தன்:
நிற்கும் இடம் தெரிய வேண்டாமா? ஜிபிஎஸ் நீருக்குள் வராது. கப்பலிலிருந்து ஒலியால் வண்டியின் இடம் காணும் யூஎஸ்பிஎல்லின் பிழை தூரத்தில் 0.3 சதவீதம் என்றாலும் 4000 மீட்டருக்கு 12 மீட்டர். ஒரே புகைபோக்கி வரைபடத்தில் இரண்டாக நிற்கும்.

ஆழ்வலவன்:
யூஎஸ்பிஎல்லை மட்டும் நம்பினால் நிற்கும்தான். தரையைத் தொட்டதும் அசையாமல் நின்று, யூஎஸ்பிஎல் அளவுகளைச் சராசரி எடுத்துத் தொடக்கப் புள்ளியை வையுங்கள். அதன்பின் டிவிஎல்லும் (தரையில் ஒலியை எறிந்து வேகம் அளப்பது) ஐஎன்எஸ்ஸும் (வண்டியின் அசைவை உணர்ந்து இடம் கணிப்பது) பார்த்துக்கொள்ளும். 600 கிலோஹெர்ட்ஸ் டிவிஎல்லுக்கு எட்டும் தூரம் சுமார் 90 மீட்டர்தான். பாறை விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று கீழே போய்விடும், பிடி விட்டுப்போகும், இடம் நழுவத் தொடங்கும். சுவர் வேலைக்கு டிவிஎல்லையும் முன்னோக்கி மாட்ட வேண்டியது அதனால்தான்.

கடலடி_கணக்கன்:
இருவரும் பேட்ச் டெஸ்ட்டை, அதாவது சோனார் மாட்டிய கோணத்தைச் சரிபார்க்கும் ஓட்டத்தை, விட்டுவிட்டீர்கள். சோனாரைத் திருப்பி மாட்டினாலே கோணங்களெல்லாம் புதிது. ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) 1 டிகிரி பிசகினால், 50 மீட்டர் உயரத்தில் 60 டிகிரி ஓரக் கற்றையில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரப் பிழை. சமதளத்தில் ஒரே கோட்டை எதிரெதிர்த் திசையில் ஓட்டிப் பாருங்கள், பிசகு பளிச்சென்று தெரியும். ஒலிவேக உணரியும் வண்டியிலேயே இருக்கட்டும். ஊற்றருகே சூடு மாற மாற ஒலி வளையும்.

சோனார்_பித்தன்:
சுவரை விட்டுத் தருகிறேன், சமதளத்தை மாட்டேன். முதலில் ஏயூவி, அது காட்டும் இடங்களுக்கு மட்டும் ஆர்ஓவி. இரண்டும் தரையில் வைத்த அதே டிரான்ஸ்பான்டர்களிடம் (ஒலிக்குப் பதில் ஒலி தரும் கருவிகள்) இடம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.