மலையூர்க் கூட்டுறவு மளிகைக் கடையைக் கெடுத்தது அரசா, கடன் நோட்டா?

சேர்வராயன்:
ஏற்காட்டைத் தாண்டி எங்கள் ஊரில் ஒரு கூட்டுறவு மளிகைக் கடை இருந்தது. பங்குத்தொகை கட்டியவர்கள் கூடி நடத்தியது. இன்று அதே கட்டடத்தில் ரேஷன் கடை மட்டும் மாதத்தில் சில நாள் திறக்கிறது. கூட்டுறவு என்ற பெயரை விட்டுவைத்துவிட்டு, கடையை அரசு எடுத்துக்கொண்டது என்பதுதான் என் வாதம். உறுப்பினராக இருந்தவர் கார்டுதாரர் ஆகிவிட்டார். 1844ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி தவிர வேறொன்றும் இல்லை. மானியம் யாரும் தரவில்லை, அதிகாரி யாரும் வரவில்லை. கடை நிலைத்து நின்றது.

பஜார்வாசி:
தம்பி, ராச்டேல் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அங்கே கடன் கிடையாது, கையில் காசு, பையில் சரக்கு. சந்தை விலைக்கே விற்று, மிஞ்சியதை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி திருப்பிக் கொடுத்தார்கள். மலையில் அது நடக்குமா? காப்பிப் பழம் பறிக்கும்போது காசு புரளும். ஆடியில்? சேலத்து மொத்த வியாபாரச் சந்தையான லீ பஜாரில் எங்களிடம் சரக்கெடுத்து மேலே கொண்டுபோன மளிகைக்காரர்கள் எல்லாரும் ஆடியில் கொடுத்துத் தையில் வாங்கியவர்கள்தான். சங்கக் கடைச் செயலாளர் கடன் கொடுத்தால் தணிக்கையில் அவர் தலையில் விழும். கொடுக்காவிட்டால் கடைக்கு ஆள் வராது. கடை அங்கேயே செத்துப்போச்சு, அரசைச் சொல்லிப் பயனில்லை.

நூல்கண்டு:
நான் சேலம் அம்மாபேட்டை, தறிக் குடும்பம். இருவருமே இடையில் ஒரு பெரிய துண்டை விட்டுவிட்டீர்கள். 1904 கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கானது. மற்ற வகைச் சங்கங்களுக்குச் சட்டத்தில் தெளிவாக இடம் கிடைத்தது 1912ல். அதற்கு முன்பே, 1904லேயே, சென்னை திருவல்லிக்கேணியில் படித்த உத்தியோகஸ்தர்கள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் அது பிழைத்தது (இங்கே பஜார்வாசி சொல்வது சரி). கிராமத்தில் கடைகள் பெருகியது இரண்டாம் உலகப்போரின்போதுதான். அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. சரக்கு சங்கத்தின் வழியாக வந்ததால் கூட்டம் சங்கத்துக்குப் போனது. 1952ல் முதல்வர் ராஜாஜி, நம்ம சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்தான், உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். கட்டுப்பாடு போனதும் பல கடைகள் படுத்துவிட்டன. ஏன்? வந்தவர்கள் சரக்குக்காக வந்தவர்கள், பங்குக்காக அல்ல. ஆக, அரசு கெடுத்தது என்று சொல்ல வேண்டாம். அரசு கூட்டி வந்த கூட்டம், அரசு போனதும் கலைந்தது.

சேர்வராயன்:
அண்ணா, அது போர்க்காலக் கடைக்குப் பொருந்தும். எங்கள் கடை அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. சீயக்காய், சோப்பு, மிளகாய், கருவாடு எல்லாம் இருந்தது. வாசலில் கரும்பலகை தொங்கும், அன்றைய விலை சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் விலையைச் சொல்வார். அப்புறம் என்ன ஆனது? 2008ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். ஏழைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மளிகைக் கடைக்கு ஆளை இழுப்பதே அரிசிதான். அது போனபின், விற்பனையாளர் மேலிடம் சொன்ன இலக்குக்காக உப்பு பாக்கெட்டையும் டீத்தூளையும் அரிசிக்கு வருகிறவர் தலையில் கட்டுகிறார். சங்கக் கடை இப்படியா நடக்கும்?

பஜார்வாசி:
உப்பு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். என் வீட்டிலும் மூன்று பாக்கெட் கிடக்கிறது.

மிளகுக்கொடி:
ஆம்பளைங்க எல்லாரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையில் விற்பதுதான் பெரிய பாடு. எங்கள் அம்மா காலத்தில் வியாபாரி வந்து தன் வள்ளத்தில் (அளவுப் படியில்) அளப்பார். மிளகைத் தலைதட்டாமல் கும்பாரமாகக் குவித்து வாங்குவார், திருப்பித் தரும் ராகியை விரலால் வழித்துச் சமமாகத் தட்டுவார். பஜார்வாசி அண்ணன் பெருமையாகச் சொல்லும் ஆடிக்கடன் அடைவது இப்படித்தான். மளிகையைக் கடன் கொடுத்தவரே விளைச்சலுக்கு விலை சொல்வார்.

இதற்காகத்தான் 1971ல் மத்திய அரசு அமைத்த பாவா குழு, பழங்குடிப் பகுதிக்கு லேம்ப்ஸ் என்ற பெரிய பல்நோக்குச் சங்கத்தைச் சொன்னது. கடனும் மளிகையும் விளைபொருள் கொள்முதலும் ஒரே கூரையில். ஏற்காட்டிலும் லேம்ப்ஸ் வந்தது. எங்களுக்கு முதலில் பிடித்தது அங்கே தொங்கிய தராசுதான். முள் நிற்கும்வரை நாமே பார்க்கலாம். அங்கே எடை தெரிந்துகொண்டு வந்தால் வியாபாரியும் ஒழுங்காக அளந்தார். ஆகவே சேர்வராயன், அரசு வராமல் இந்தத் தராசு மலை ஏறியிருக்காது.

பஜார்வாசி:
அக்கா, எல்லா வியாபாரியும் அப்படி இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு ராத்திரி கதவைத் தட்டினாலும் பணம் கொடுத்தது யார்? சங்கம் அஞ்சு மணிக்குப் பூட்டிவிடும்.

மிளகுக்கொடி:
கொடுத்தார். அதற்கும் மிளகில்தான் வாங்கினார்.

நூல்கண்டு:
இப்போது இரண்டும் ஒன்றாக வருகிறது. தராசு அரசால் வந்தது, சரி. ஆனால் சங்கம் உறுப்பினர் கையில் இருக்கிறதா? சங்க நிர்வாகக் குழுத் தேர்தல் 2013, 2018ல் நடந்தது. பதவிக்காலம் முடிந்ததும் குழுவுக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர். சேர்வராயன், தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா?

சேர்வராயன்:
உறுப்பினர் பட்டியலில் இறந்துபோன என் தாத்தா பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. பங்கை என் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கங்களில் யாராவது இப்படி மாற்றியிருந்தால் என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

பஜார்வாசி:
வாரிசுச் சான்று கட்டாயம் கேட்பார்கள் தம்பி. பங்குச் சான்று இருக்கிறதா?