காசு கொடுத்துத் துணை: முன்பணம் கேட்டால்?

கேள்வி: ஆண்களை விரும்புற ஆண், சென்னையில தனி வாசம். மசாஜ், அப்புறம் கட்டிப்பிடிச்சுப் படுக்க ஒரு ஆள், அவ்வளவுதான் தேவை. ஆப்பில் பேசுறவர் பாதித் தொகையை முன்கூட்டியே ஜிபே பண்ணச் சொல்றார். அனுப்பலாமா?

பதில் 1: வேண்டாம். பணம் போனதும் நம்பர் பிளாக் ஆகிடும். முதல்ல ரெண்டு நிமிஷம் வீடியோ கால், பிறகு காபிக்கடை. எத்தனை மணி நேரம், எவ்வளவு, எதெல்லாம் கிடையாது, மூணையும் சாட்டிலேயே முடிச்சிடுங்க. வீட்டுக்குள்ள வந்தப்புறம் பேரம் பேசினா மனஸ்தாபம்தான். ஆபீஸ் ஐடி, ஆதார் மேஜைமேல கிடக்கக் கூடாது.

பதில் 2: ‘கட்டிப்பிடிக்க மட்டும்’னு ஆரம்பிச்சு மேல போறது சகஜம். அதனால ஆணுறை இருக்கட்டும். மசாஜுக்குத் தடவின தேங்காய் எண்ணெய்தான் வில்லன். அது பட்டா ஆணுறையோட லேடெக்ஸ் ரப்பர் இளகிக் கிழியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, தண்ணீர் சார்ந்த ஜெல். கிழிஞ்சிருந்தா 72 மணி நேரத்துக்குள்ள பெப் (எச்.ஐ.வி. தொத்தாம தடுக்கிற) மாத்திரையை ஆரம்பிக்கணும், 28 நாள் விடாம. அரசு மருத்துவமனையில இருக்கிற ஏஆர்டி (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் கேளுங்க.

பதில் 3: ‘ஊருக்குச் சொல்லிடுவேன், போலீஸ்ல மாட்டிவிடுவேன்’னு அந்த ஆள் மிரட்டினா ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க, திரும்பக் கேட்பான். 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம், சம்மதத்தோட நடக்கிற ஆண்-ஆண் உறவையும் குற்றமாக்கி வெச்சிருந்த 377-ஆம் பிரிவு வெறும் பூச்சாண்டி. பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ஐடியோட. பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்க.