போனைக் காட்டிப் பணம் கட்டுவது: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கார்டு மெஷினில் போனைக் காட்டியே இப்போது சிலர் பணம் கட்டுகிறார்கள். முதலாளி அண்ணாச்சிக்குப் பயம்: "ஏல, கூட்டத்துல எவனாவது மெஷினைக் கிட்ட கொண்டுவந்தா நம்ம துட்டு போயிராதா?"

தெரிந்ததைச் சொன்னேன். போனும் மெஷினும் தொடாமலே பேசிக்கொள்ளும் முறைக்கு என்எஃப்சி (NFC) என்று பெயர்; அது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும், சுமார் நாலு சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் பேசும். கார்டின் உண்மையான எண் கடைக்கு வராது. அதற்குப் பதில் ஒரு டோக்கன் எண்ணும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் ரகசியக் குறியீடும் வரும். திருடினாலும் மறுபடி பயன்படாது. பிளாஸ்டிக் கார்டிலோ 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை பின் நம்பர் (PIN) இல்லாமலே தட்டி எடுக்கலாம். போனே மேல் என்பது என் எண்ணம்.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லா மேஜை எவர்சில்வர் தகடு அடித்தது. மெஷினை அதன்மேல் வைத்தால் சில போன்கள் பிடிப்பதே இல்லை. கையில் தூக்கிப் பிடித்தால் உடனே 'பீப்' என்கிறது. தகடுதான் அலையைக் கெடுக்கிறதா? அடியில் மரப்பலகை வைத்தால் போதுமா? அப்புறம், வாடிக்கையாளர் போனில் நெட் இல்லாதபோதும் பணம் ஏறியது, அது எப்படி? கடை வைத்திருப்பவர்கள், மெஷின் சர்வீஸ் பார்ப்பவர்கள் யாராவது விளக்கினால் அண்ணாச்சியிடம் தைரியமாகச் சொல்லுவேன்.