மினி டிராக்டர்ல கியர் கரகரன்னா உடனே பாக்ஸைப் பிரிக்கணுமா?

வடுவூர் பட்டறை:
ஒரு வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் போட்டிருக்காரு, மினி டிராக்டர்ல கியர் போடும்போது கரகரன்னு சத்தம் வந்தா பல்லு போச்சு, கியர்பாக்ஸைப் பிரிச்சே ஆகணும்னு. வயிறு எரியுது. குறுவை நடவுக்கு வயலைச் சேறாக்கி சேடை ஓட்டுற நேரத்துல வண்டியப் பிரிச்சுப் போட்டா விவசாயி எப்ப நடுறது? மொதல்ல கிளட்ச் பெடலைக் கையால அமுக்கிப் பாருங்கய்யா, கனம் தட்டுற வரைக்கும் ஒரு இன்ச் ஃப்ரீ ப்ளே இருக்கணும். ரெண்டு இன்ச் ஆடுச்சுன்னா கிளட்ச் முழுசா விடாது, கிளட்ச் பிளேட் எஞ்சினோட சேந்து சுத்திக்கிட்டே இருக்கும், அப்புறம் கியர் எப்படி விழும்? பெடலையும் கிளட்ச்சையும் இணைக்கிற லிங்க் ராடு நட்டைத் திருப்புனா தீந்துச்சு.

ஒரத்தநாடு தோப்புக்காரன்:
ஒரு இன்ச் எதுக்கு? நான் ப்ளேயே இல்லாம டைட்டா வெச்சிருக்கேன், வெண்ணெய் மாதிரி விழுது.

வடுவூர் பட்டறை:
இன்னைக்கு விழும். ப்ளே இல்லன்னா, பெடலை மிதிக்கறப்ப மட்டும் ஃபிங்கரை, அதாவது கிளட்ச்சை விடுவிக்கிற நெம்பை, அமுக்க வேண்டிய ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அது மேலயே உரசிக்கிட்டு தீஞ்சுபோகும், பிளேட் சறுக்கும், சேத்துக்கான இரும்புச் சக்கரம், அந்த கேஜ் வீல் மாட்டி சேத்துல எறங்குனா எஞ்சின் கத்தும் வண்டி நகராது. பிளேட் தேயத்தேய ப்ளே தானா குறையும், அதுக்குத்தான் அந்த ஒரு இன்ச்.

பாபநாசம் வாழை:
அந்த ஒரு இன்ச் பெடல் நுனியிலயா, பேரிங்குக்கும் ஃபிங்கருக்கும் நடுவுலயா? அதச் சொல்லிட்டு சண்டை போடுங்க.

ஒரத்தநாடு தோப்புக்காரன்:
எங்க தோப்புல சேறும் இல்ல கேஜ் வீலும் இல்ல. ப்ளே வேணாம்னா வேணாம்.

திருத்துறைப்பூண்டி தம்பி:
அண்ணே, எங்க வண்டில ப்ளே சரியாத்தான் இருந்துச்சு. சேடைக்குன்னு, கிளட்ச்ச மூடியிருக்கிற பெல் ஹவுசிங் அடி ஓட்டைல மாட்டுன பிளக்கை முடிஞ்சப்பறம் யாரும் கழட்டல, உள்ள தண்ணி நின்னு பிளேட் எஞ்சினோட சுத்துற ஃப்ளைவீலோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. பெடலை எவ்ளோ மிதிச்சும் விடல. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி லேட்டாத்தான் வரும், அதுவரைக்கும் வண்டி ஷெட்டுலயே கெடக்குது.

ஒரத்தநாடு தோப்புக்காரன்:
கடைமடைக் கதைய இங்க எதுக்கு இழுக்குற?

வடுவூர் பட்டறை:
தம்பி, அது இருக்கட்டும். நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணு, கிளட்ச்ச முழுசா மிதி, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போடு. அப்பயும் கரகரன்னா கிளட்ச் விடலன்னு அர்த்தம். பொறுத்ததும் சத்தமில்லாம விழுந்தா நீ அவசரப்பட்டு போட்டிருக்க, அவ்ளோதான். எதுக்கும் ஒரு இன்ச் இருக்கான்னு பாரு.

பாபநாசம் வாழை:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

ஒரத்தநாடு தோப்புக்காரன்:
பெரிய நியாயம் பேசுறாரு. போன தாளடிக்கு எங்க மச்சான் வண்டிய வாரக்கணக்குல பட்டறையில போட்டு வெச்சது யாரு?

வடுவூர் பட்டறை:
உங்க மச்சான் கிளட்ச் பெடல் மேலயே கால வெச்சு ஓட்டுறவரு. ஃபிங்கர் சூட்டுல நீலம் பாஞ்சு கெடந்துச்சு, கழட்டி அவர் கையிலயே குடுத்தேன். பேரிங் காசு இன்னும் வரல, அத மொதல்ல கேளுங்க. ஒரு இன்ச் இல்லாத வண்டிய இனிமே நான் தொடமாட்டேன்.

ஒரத்தநாடு தோப்புக்காரன்:
தொடவேணாம். ஒரத்தநாட்டுல மெக்கானிக்கே இல்லையா?