சுகர் இருக்குற வாப்பா நோன்பு புடிச்சே தீருவேன்னு நிக்கிறாங்க, என்ன செய்றது?

கீழக்கரை மக:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்க வாப்பாக்கு 64 வயசு, சுகர் வந்து பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும், கடைசியா பாத்த மூணு மாச சராசரி 8.6. காலைலயும் ராத்திரியும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேந்த மாத்திரை. போன ரமலான்ல ஒரு நாள் மதியத் தொழுகை லுஹர் தொழுதுட்டு வந்து படுத்தவங்க, சட்டை நனையிற அளவுக்கு வேர்த்து கை நடுங்கி, உம்மா என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாம பேசிருக்காங்க. உம்மா பேரீச்சம்பழத்த வாய்ல வைக்கப் போனா பல்லக் கடிச்சிட்டு தலைய திருப்பிக்கிட்டாங்களாம். நான் சென்னைல இருக்கேன், எனக்கு இது பெருநாளுக்கு வந்தப்பதான் தெரியும்.

வாப்பா இளவட்டத்துல சங்கு குளிக்கப் போனவங்க. "மூச்சடக்கி முங்குன காலத்துலயே நோன்ப விட்டதில்ல, இப்ப ஃபேன் காத்துல உக்காந்துகிட்டு விடவா"ன்னு கேக்குறாங்க. நோன்புக்குப் பதிலா ஏழைக்குக் குடுக்குற ஃபித்யா பேச்ச எடுத்தாலே "நான் என்ன சக்கராத்துலயா, சாகுற நேரத்துலயா கெடக்கேன்"னு கோவம். டாக்டரும் வேணாம்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு, ஏன்னு சொல்லல, அதனால வாப்பாக்கு அவர் மேலயும் நம்பிக்கை இல்ல. ரமலானுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மார்க்கமும் தெரிஞ்சு மருத்துவமும் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

தேவிபட்டினத்தான்:
வ அலைக்கும் சலாம் லாத்தா. ரொம்ப பயப்படாதீங்க, நோன்பு புடிச்சா சுகர் தானா குறையும், இதக் கண்டுபிடிச்ச ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்க, வாட்ஸ்அப்ல வந்துச்சு. எங்க பெரியாப்பாவும் சுகரோடதான் முப்பது நோன்பும் புடிக்கிறாங்க, நல்லாத்தான் இருக்காங்க. எல்லாம் ஈமான்தான்.

ராம்நாட் மருந்துக்கடை:
தம்பி அந்த ஃபார்வர்ட் வருஷா வருஷம் ரமலான் பொறக்கு முன்னாடி வந்துரும். 2016ல யோஷினோரி ஓசுமிக்கு நோபல் குடுத்தது உண்மைதான், ஆனா அவர் ஆராய்ஞ்சது ஈஸ்ட்ல, செல்லு தன்னோட பழைய குப்பைய தானே அரிச்சு திருப்பி எப்படி பயன்படுத்துதுங்குறத. நோன்பையும் ஆராயல, சுகர் பேஷண்டையும் ஆராயல. உங்க பெரியாப்பா நல்லா இருக்காங்கன்னா அல்ஹம்துலில்லாஹ், ஆனா அவங்க என்ன மாத்திரை போடுறாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே, விஷயமே அங்கதான இருக்கு.

சகோதரி, கவனமா கேளுங்க. மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு சுகர் ரொம்ப கீழ இறங்குறது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு இந்த ரகம் அப்படி இல்ல, நீங்க சாப்ட்டாலும் சாப்பிடாட்டியும் கணையத்த இன்சுலின் சுரக்க வச்சிக்கிட்டே இருக்கும். விடியக்கால சாப்பாடு சஹர்ல அதப் போட்டுட்டு வயிறு காலியா இருந்தா லுஹர்ல இருந்து மஃரிபுக்குள்ள, அதாவது பொழுது சாயிறதுக்குள்ள எப்ப வேணா சுகர் விழும். நீங்க சொன்ன வேர்வை, நடுக்கம், உளறல் மூணுமே லோ சுகர் அடையாளம், டெஸ்ட் பண்ணாததால அடிச்சு சொல்ல முடியாது, ஆனா எனக்கு பெருசா சந்தேகம் இல்ல. இந்த வயசுல அது மயக்கத்தோட போகாது, வலிப்பு வரலாம், நெஞ்சுக்கும் ஆபத்து.

இப்ப ஒரு கேள்வி. போன வருஷம் நடந்தத அந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொல்லிருக்க மாட்டீங்க, நம்மூர்ல யாரும் சொல்றதில்ல, திட்டுவாருன்னு பயம். சொன்னாத்தான் அவர் மாத்திரைய மாத்துவாரு, லோ சுகர் பண்ணாத வேற மாத்திரைங்க இருக்கு, இல்லன்னா அளவக் குறைச்சு பெரிய டோஸ நோன்பு திறக்குற நேரத்துக்கு தள்ளுவாரு. நீங்களா மாத்திடாதீங்க. ரமலானுக்கு ஆறு எட்டு வாரம் முன்னாடி போய் கிட்னி, கண்ணு, பிரஷர் எல்லாம் பாக்கணும்னுதான் டாக்டர்களும் சொல்றாங்க, உங்களுக்கு சரியா அந்த நேரம் இருக்கு. கிட்னில பிரச்சினைன்னு வந்தா பேச்சே வேற, அப்ப நோன்பு வேணாம்னுதான் நானும் சொல்வேன். மூத்திரத்துல சுகர வெளியேத்துற டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை இருந்தாலும் கேட்டுக்குங்க, நம்ம வெக்கைல தண்ணி குடிக்காம இருந்தா ஒடம்பு வத்திரும்.

சரி, டாக்டர் ஓகேன்னே சொல்லிட்டாருன்னா, வீட்ல ஒரு சுகர் மிஷின் இருக்கணும். 70க்கு கீழ போனாலோ 300க்கு மேல போனாலோ மஃரிபுக்கு பத்து நிமிஷம் இருந்தாலும் சரி, அந்த எடத்துலயே திறந்துரணும். அப்புறம் நோன்பு திறக்குறப்ப நம்மாளுங்க பண்ற அநியாயம் தனி. பச்சரிசிக் கஞ்சி ரெண்டு கிண்ணம், சமூசா, வடை, சீனி போட்ட ரோஸ்மில்க், அது செமிக்கிறதுக்குள்ள ராத்திரித் தொழுகை தராவீஹ் முடிஞ்சு வந்து பரோட்டா. பகல்ல 70ல கெடந்தது ராத்திரி 350ல நிக்கும். கஞ்சி வேணாங்கல, பாசிப்பருப்பும் வெந்தயமும் தூக்கலா போட்டு ஒரு கிண்ணத்தோட நிறுத்துங்க, ஒரு பேரீச்சம்பழம், தண்ணி. சஹர்ல தயிர்சோத்துல வாழைப்பழத்தப் பெசஞ்சு சீனி தூவி சாப்புடுறதயும் விடணும், முட்டை, பயறு, காய்னு இருந்தா கொஞ்சம் நேரம் தாங்கும். சஹர பிந்தி சாப்புடுறதுதான் சுன்னத்து, சுகருக்கும் அதுதான் தோது.

வேதாளை போட்டுக்காரன்:
மருந்துக்கடை அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நாங்க நோன்போட கடலுக்குப் போறவங்கதான், ஆனா உங்க வாப்பா சொல்ற கணக்கு வேற லாத்தா, அப்ப அவங்களுக்கு இருபத்தஞ்சு வயசு, சுகரும் இல்ல. எங்க போட்லயும் வலை இழுக்குறப்ப தலை சுத்தி விழுந்த பய உண்டு, வாயில தண்ணிய ஊத்துனோம், யாரும் அவன காஃபிர்னு சொல்லல. எங்க பள்ளி ஹஜ்ரத்து சொல்றது, ராத்திரியே நோன்புன்னு மனசுல நிய்யத்து வச்சிட்டு போ, முடிஞ்சா நிறைவாக்கு, உசுருக்கு முடியலன்னா திறந்துட்டு, விட்ட நோன்ப பின்னால புடிச்சு களா செய். இதுக்கு மேல என்ன சட்டம் வேணும்.

மதரஸா வாத்தியார்:
வ அலைக்கும் ஸலாம். மருத்துவம் பேச நான் ஆள் இல்லை, மார்க்கத்த மட்டும் சொல்றேன். நோன்ப கடமையாக்குன குர்ஆன் 2:183க்கு அடுத்த வசனத்துலயே நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை வந்துருது, 185ல "அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை"ன்னும் சொல்லிட்டான். அது நாமளா இரக்கப்பட்டு போட்ட சலுகை இல்ல, கடமைய யார் போட்டானோ அவன் போட்டது. தனக்குக் குடுத்த சலுகைய அடியான் எடுத்துக்கறத அல்லாஹ் விரும்புறான்னு நபிமொழி, அதான் ஹதீஸ், அஹ்மது தொகுப்புல இருக்கு. ஒரு பிரயாணத்துல ஒருத்தர சுத்திக் கூட்டம் கூடி நிழல் புடிச்சிட்டு நின்னுச்சு, ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் என்னன்னு கேட்டாங்க, நோன்பாளின்னு சொன்னாங்க, பிரயாணத்துல நோன்பு வைக்கிறது நன்மையில் உள்ளது இல்லைன்னு சொல்லிட்டாங்க. புகாரில இருக்கு. வாப்பாட்ட இந்த சம்பவத்த சொல்லுங்க, சட்டமா சொன்னா சண்டைக்கு வருவாங்க.

விரல்ல குத்தி சுகர் பாத்தா நோன்பு முறியுமான்னு நிறைய பேருக்கு தயக்கம். முறியாது. 1997ல ஜித்தாவுல கூடுன சர்வதேச ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்ட அகாடமியும் இரத்தப் பரிசோதனையும், சத்துக்காகப் போடாத ஊசியும் நோன்ப முறிக்காதுன்னு முடிவு சொல்லிருக்கு.

குணமாகும்னு எதிர்பாக்குற நோய்னா பின்னால களா. குணமாகாத நோய், நோன்பே ஆகாதுன்னு நம்பிக்கையான டாக்டர் சொல்லிட்டாருன்னா ஒரு நாளைக்கு ஒரு முத்துங்குற அளவு ஃபித்யா, நம்ம ஷாஃபி மத்ஹப் சட்டப் பிரிவுல அத அரிசியா ஏழைக்குக் குடுக்கணும். முக்கா கிலோன்னு வச்சிக்கிட்டா பேணுதல், மாசம் முழுக்கன்னா இருபத்தி ரெண்டரை கிலோ. சக்கராத்துல கெடக்குறவங்களுக்குன்னு யாரு சொன்னது?

இன்னொன்னு. ரமலான்னா பட்டினி மட்டும்னு வாப்பா நெனச்சிட்டதாலதான் இந்தப் புடிவாதம். பொய்யையும் அதன்படி நடக்கிறதையும் விடாதவன் சோறு தண்ணிய விடுறதுல அல்லாஹ்வுக்குத் தேவையில்லைன்னு ஹதீஸ் இருக்கே. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் குடுத்தவனுக்கு அந்த நோன்பாளியோட கூலி மாதிரியே உண்டு, அவன் கூலில குறையாதுன்னு திர்மிதில வருது. பள்ளில கஞ்சி அண்டாவப் பாத்துக்க ஆள் கெடைக்காம அல்லாடுறோம். அவங்கள கூப்ட்டு அந்தப் பொறுப்பக் குடுக்கச் சொல்லி உங்க மஹல்லா ஜமாஅத்துல பேசுங்க, நோன்பு விட்டா ஊரு என்ன சொல்லும்ங்குற எண்ணமும் போயிரும், அவங்க பாதி பயம் அதுதான்.

தங்கச்சிமடம் பையன்:
நான் கிறிஸ்டியன், உள்ள வந்து பேசுறதுக்கு மன்னிக்கவும். சின்ன வயசுல சாயங்காலம் தூக்குவாளியோட பள்ளிவாசல் கஞ்சிக்கு வரிசைல நின்னவன். ஊத்துறவரு ரொம்ப வயசான பெரியவரு, அவரு நோன்பா இல்லையான்னு ஒரு நாளும் யாரும் கேட்டதில்ல, எல்லாரும் அவர ராஜா மாதிரி பாப்பாங்க. எங்க தவக்காலத்துலயும் நோயாளிக்கு ஒருசந்தி கட்டாயம் இல்ல. அவ்ளோதான்.

கீழக்கரை மக:
எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ். நிழல் புடிச்ச ஹதீஸ உம்மாவ விட்டு சொல்லச் சொன்னேன், வாப்பா ஒண்ணும் பேசல, எந்திரிச்சு வெளிய போய்ட்டாங்களாம். ராத்திரி எனக்கு அவங்களே போன் போட்டு, எங்க ஹஜ்ரத்து வாயால சொல்லட்டும், அப்புறம் டாக்டர்ட்ட வர்றேன்னாங்க. கஞ்சி விஷயத்துக்கு மட்டும் "அண்டாவக் கிண்டுனா கை வலிக்கும், ஊத்துறதுன்னா பாக்கலாம்"னு பதில். வியாழக்கிழமை ஊருக்கு வர்றேன், சனிக்கிழமைக்கு டோக்கன் போட்ருக்கேன்.

ராம்நாட் மருந்துக்கடை:
நல்லது. டாக்டர்ட்ட மாத்திரை பேர வாயால சொல்லாதீங்க, அட்டையோட எடுத்துட்டுப் போங்க, ஒரே பேருல 1 மில்லிகிராமும் இருக்கும் 2ம் இருக்கும். உம்மாவயும் கூட கூட்டிட்டுப் போங்க, அன்னைக்கு நடந்தத நேர்ல பாத்தது அவங்கதான்.