20 வருட சான்ட்ரோவுக்கு இன்னும் 41,000 செலவழிக்கலாமா?

ஈரோடு_சான்ட்ரோ:
2006 ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார், அப்பா வாங்கிய வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் பவானி தாண்டும்போது டெம்பரேச்சர் முள் மேலே போய் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் ஓட்டை, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் காலி, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும், அப்படியே கிளட்ச்சும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் 41,000 சொல்கிறார். விற்றால் 60,000 வந்தாலே அதிகம். இதில் ஆர்சி வேறு இந்த வருடம் முடிகிறது. 2021ல் 600 ரூபாய் கட்டிப் புதுப்பித்தோம், இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
யோசிக்காமல் தள்ளிவிடுங்கள் சார். 60,000 வண்டிக்கு 51,000 செலவா? நானும் 2004 மாருதி ஜென்னை மூன்று வருடம் இப்படித்தான் இழுத்தேன், நோட்டில் எழுதிய கணக்கு 1,30,000. ஷெட்டு வாசலில் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்த நாட்களை அதில் எழுதவில்லை, எழுதியிருந்தால் வீட்டில் சண்டைதான்.

புதுப்பேட்டை_ரசிகன்:
விற்கிற விலையை வைத்துப் பார்ப்பதே தப்பு. 9.5 சதவீத வட்டியில் 6 லட்சம் கடன், 5 வருடம் என்றால் மாதம் 12,600. நீங்கள் பயப்படும் 51,000 நாலு மாதத் தவணை, அவ்வளவுதான். இந்த வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் கட்டினால் போதும். ரேடியேட்டரை சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடலாம், ஆனால் கேஸ்கெட்டைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அப்புறம், ஹெட்டை இறக்கும்போதே, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். அது ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும், மறுபடி முதலிலிருந்து.

கணக்குப்பிள்ளை:
இந்த 41,000தான் கடைசி என்று எழுதிக் கொடுப்பாரா உங்கள் மெக்கானிக்? இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2006 வண்டியின் ரப்பர் ஓஸெல்லாம் அதை நினைத்துச் செய்ததில்லை. ஏர்பேக்கும் கிடையாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகிறவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதுப்பேட்டை_ரசிகன்:
ஏர்பேக் விஷயம் சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு? ஓஸ் மாற்றுவதெல்லாம் ஒரு செலவா?

டிங்கர்_மாமா:
ரெண்டு பேரும் இன்ஜினையே சுற்றி வருகிறீர்கள். தம்பி, இன்ஜினை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து மாட்டலாம், பாடித் தகடு போனால்தான் வண்டி போச்சு. மேட்டைத் தூக்கி, டிரைவர் கால் வைக்கிற இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கிண்ணென்று கேட்டால் தகடு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் மேலே பெயின்ட், உள்ளே துரு. கதவுக்குக் கீழேயும் ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் அதே மாதிரி பாருங்கள். அது தெரியாமல் ஹெட்டுக்குக் காசு கொட்டாதீர்கள். ஆர்சி புதுப்பிக்கும்போது வண்டியையும் நேரில் காட்ட வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

ஈரோடு_சான்ட்ரோ:
மாமா, இப்போதுதான் தட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கம் கிண்ணென்றது, கதவுக்குக் கீழேயும் பரவாயில்லை. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் நிற்கிறது, ஸ்க்ரூடிரைவர் முனை அப்படியே உள்ளே போய்விட்டது. ஒட்டுப் போட எவ்வளவு ஆகும் என்று நாளைக்கு டிங்கரிடம் கேட்கப் போகிறேன். அதுவரை ஹெட்டில் கை வைக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லியாகிவிட்டது.